மின்பகுப்பின் விதி கண்ட மைக்கேல் பரடே

விழா மலர்களிலே பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் தம்மூரிற் பிறந்தாரையே நாடிச் செல்வது வழக்கம். அது தக்கதே. நம் கல்லூரியை நிறுவினோர், வளர்த்தோர், கொடை நல்கினோர் ஆகியோரைப் பற்றி எழுத இம்மலரிற் பிறர் உளர். ஆதலின் யாம் கடல் பல கடந்து, இலண்டன் நகரத்துக் கொல்லன் ஒருவனின் மகனிடம் செல்லத் துணிந்தோம்.

இதற்குக் காரணம் உண்டு. நம் ஆய்வுகூடத்தில் இரசாயனம் பயின்றோர் யாவரும் ஏதோ ஒருநாள் உப்புக்கரைசலினுள் இரு கரிக்கோல்களை நாட்டி, அவற்றை மின்கலத்தோடு இணைத்து, குமிழி எழுவதை நோக்கி நின்றவரே. அல்லைப்பிட்டி, மண்டைதீவு, வேலணை முதலாய இடங்களிலிருந்து வந்து கற்றோர்க்கு உப்புநீர் புதுமையன்று. பண்ணைக் கடலை நாடோறும் கடந்தும், கோடையில் வற்றிய தரவைகளில் உப்புப் பூத்துக் கிடப்பதைக் கண்டும் வளர்ந்தவர் அவர். அவ்வுப்புநீரின் ஊடே மின்னைச் செலுத்தினால் வெளிப்படும் பொருளின் அளவு யாது என்பதற்கு விதி கண்டவரும், அந்நிகழ்ச்சியைப் பேசுதற்கு வேண்டிய சொற்களை உலகுக்கு வழங்கியவரும் மைக்கேல் பரடே ஆவார். விதியை மனப்பாடம் செய்தோர் நம்முள் மிகப் பலர்; அதனைக் கண்டவர் எவ்வாறு வாழ்ந்தார் என்று வினவினோர் மிகச் சிலர்.

பரடே 1791 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூயிங்ரன் பற்ஸ் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் வடநாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்த கொல்லர்; நோயாளி; பல நாள் உலைக்களத்திற்குச் செல்லவும் வலியற்றவர். 1801 ஆம் ஆண்டிலே தானியம் விலையேறிய காலத்து, சிறுவன் மைக்கேலுக்கு வாரத்திற்கு ஓர் உரொட்டி என அளந்து கொடுக்க வேண்டிய நிலை அக்குடும்பத்திற்கு நேர்ந்தது. கல்வியோ எழுத்து, வாசிப்பு, கணக்கு என்னும் மூன்றின் தொடக்க அளவோடு முடிந்தது. இக்குறையின் ஒருபகுதி இறுதிவரை நீங்கவில்லை. உயர்கணிதம் அவர் அறியாதது. அவருடைய எண்ணற்ற ஆய்வுக் குறிப்புகளில் ஒரு சமன்பாட்டையேனும் காண்டல் அரிது. கணிதம் வாராமையால் விஞ்ஞானம் தமக்கு உரித்தன்றென ஒதுங்கும் மாணவர் இதனை அறிதல் வேண்டும். கணிதத்தைக் கைவிடுதற்கு அன்று, ஒதுங்காமைக்கு.

1804 இல் புளாண்ட்பேட் வீதியிலிருந்த ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் செய்தித்தாள் கொண்டு சென்று கொடுக்கும் பையனாக அமர்ந்தார். அடுத்த ஆண்டிலே ஏழாண்டுக்குப் புத்தகம் கட்டும் தொழில் பயிலும்படி அங்கேயே ஒப்பந்தமாயிற்று. பலர் கட்டுதற்கென ஒப்படைத்த நூல்களை இவர் கட்டுமுன் படித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்னைப் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செற் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதி 1806 இல் வெளியான இரசாயன நூலும் அவர் மனத்தைப் பற்றிக் கொண்டன. படித்ததைச் செய்து பார்த்தாலன்றி நம்பாத இயல்பு அப்பொழுதே அவரிடம் இருந்தது. சில்லறைக் காசிற்கு வாங்கக்கூடிய பொருள்களைக் கொண்டு நூலிற் கண்டவற்றைச் சோதித்தார். தேற்றம் என்பவர் தம் இல்லத்தில் நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலிங் வேண்டியிருந்தது. அதனைக் கொடுத்தவர் கொல்லத் தொழில் செய்த அண்ணன் றொபேட். தந்தையார் 1810 இல் இறந்தபின் குடும்பத்தைத் தாங்கிய கையே தம்பியின் கல்விக்கும் ஈந்தது.

1812 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, தொழிற்பயிற்சி முடியுமுன், பரடே தம் நண்பர் அபொட் என்பார்க்கு ஒரு கடிதம் எழுதினார். அதிற் கூறிய செய்தி நம் ஆய்வுகூடத்திற்கு மிக அணித்தானது. நாகத் தகட்டிலே அரைப்பென்னிக் காசின் அளவில் ஏழு வட்டங்களை வெட்டி, அவற்றை ஏழு செப்புக் காசுகளோடு மாறிமாறி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த கடதாசித் துண்டுகளை வைத்து, தாமே ஒரு மின்னடுக்கை ஆக்கினார். அதன் இரு முனையினின்றும் வந்த கம்பிகளை மகனீசியஞ் சல்பேற்றுக் கரைசலுள், அதாவது பேதியுப்பு நீரினுள், வைத்தபோது உப்புப் பகுபட்டது. இருபது வயதுப் புத்தகம் கட்டுவோன் ஒருவன், ஆசிரியரும் ஆய்வுகூடமும் இன்றி, கைக்காசையே கருவியாக்கிச் செய்த மின்பகுப்பு அது. அக்கடிதத்தின் களிப்பைப் படிப்போர், விலையுயர்ந்த கருவி வரும்வரை செய்முறைப் பாடத்தைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை எங்ஙனம் பொறுப்பர்?

அவ்வாண்டின் தொடக்கத்தில், கடைக்கு வந்த டான்ஸ் என்னும் அன்பர் உதவியால், றோயல் இன்ஸ்ரிரியூசனிற் சேர் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு விரிவுரைகளைக் கேட்கும் பேறு இவர்க்குக் கிட்டியிருந்தது. டேவி 1807 இல் உருக்கிய காரங்களை மின்னாற் பகுத்துப் பொற்றாசியத்தையும் சோடியத்தையும் முதன்முதற் பிரித்தெடுத்துப் புகழின் உச்சியில் நின்றவர். பரடே விரிவுரைகளைப் படங்களோடு விரித்தெழுதித் தம் கையாலேயே அழகுறக் கட்டினார். றோயல் சொசைற்றித் தலைவரான சேர் ஜோசப் பாங்ஸ் என்பாருக்கு வேலை வேண்டி எழுதிய விண்ணப்பத்திற்கு மறுமொழியே வரவில்லை. அதனால் உளம் உடையாது, கட்டிய நூலை டேவிக்கு அனுப்பினார். டேவி அன்போடு மறுமொழி தந்தாராயினும் இடம் இல்லை என்றார். சின்னாளில் ஆய்வுகூட உதவியாளன் ஒருவன் கைகலப்பில் ஈடுபட்டு விலக்கப்பட்டான். அவ்விடம் பரடேக்கு வாய்த்தது. 1813 மார்ச்சு மாதத்தில் வாரம் 25 சிலிங் ஊதியத்திற்கு, மேன்மாடத்தில் இரண்டு அறைகளோடு, அவர் அங்கே குடிபுகுந்தார். பிறனொருவனின் சண்டை விஞ்ஞானத்திற்கு இத்துணை நன்மை செய்தது வேறெங்கும் யாம் கேட்டிலம்.

அவ்வாண்டு இறுதியில் டேவி தம் மனைவியாரோடு ஐரோப்பாவிற் பயணஞ் செய்தபோது பரடேயும் உடன் சென்றார். ஏவலாளன் வாராமையால் அவ்வேலையும் இவர்மேல் விழுந்தது. டேவியின் மனைவியார் இவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் நொந்து திரும்பிவிடவும் ஒருகால் எண்ணினார். ஆயினும் அப்பயணத்தில் அம்பேரையும் முதுமையடைந்த வோல்ற்றாவையும் நேரிற் கண்டார். ஒன்றரை ஆண்டு கழித்து, 1815 இல் மீண்டபோது, ஐரோப்பாவே அவருக்குப் பல்கலைக்கழகமாக இருந்து முடிந்திருந்தது.

குருவும் மாணவனும் இறுதிவரை ஒன்றாய் நின்றனர் என்று எழுதவே விரும்புவோம். உண்மை அங்ஙனம் இல்லை. 1821 இல், மின்னோடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு பரடே செய்து காட்டினார். அதே பொருளை முன்னரே ஆராய்ந்த வொலஸ்ரன் என்னும் அறிஞரின் கருத்தைக் கவர்ந்தார் எனச் சிலர் பழி கூறினர். 1824 இல் றோயல் சொசைற்றிக்கு இவர் பெயர் முன்மொழியப்பட்ட காலை, அதன் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். வாக்கெடுப்பில் எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. பரடே தெரிவானார். குரு தம் மாணவனின் உயர்ச்சியைப் பொறாமை இல்லாது காண்டல் எல்லார்க்கும் கைகூடுவதன்று. பரடேயோ டேவி தம்மைக் கைதூக்கிவிட்டமையை மறந்தாரல்லர். பிற்காலத்தும் அவரை மதிப்போடே பேசினார். 1825 இல் அவ்வாய்வுகூடத்தின் இயக்குநரும் ஆனார்.

நிற்க. 1831 ஆகஸ்ற்று 29 ஆம் நாள் அவர் கண்ட மின்காந்தத் தூண்டலே இன்று ஊர்கள்தோறும் மின்விளக்கு எரிதற்கு அடிப்படை. அதனை ஈண்டு விரிப்பின் மலரின் இடம் போதாது. எமக்கு வேண்டியது அதனை அடுத்த மூன்றாண்டுகளின் வேலை.

அக்காலத்து அறிஞர், கரைசலில் நாட்டிய உலோக முனைகளே பொருள்களைக் கவர்ந்து இழுக்கின்றன என எண்ணினர். பரடே அதனை ஐயுற்றார். பாசிச்சாயத்தில் தோய்த்த தாளையும் மஞ்சளில் தோய்த்த தாளையும் சோடியஞ் சல்பேற்றுக் கரைசலில் நனைத்து, உலோகம் தொடாதபடி, ஊசி முனைகளினின்று காற்றின் வழியே உராய்வு மின்னைச் செலுத்தினார். ஒரு பக்கம் அமிலமும் மறுபக்கம் காரமும் தோன்றித் தாள்கள் நிறம் மாறின. முனை இல்லாத போதும் பகுப்பு நிகழ்ந்தது. ஆதலின் பகுப்பின் விசை கரைசலின் உள்ளே, துணிக்கைக்குத் துணிக்கை நிகழ்வது எனத் துணிந்தார். மஞ்சள் காரத்திற் சிவப்பதை நம் வீட்டுப் பெண்டிர் ஆலத்தி கரைக்கும்தோறும் சுண்ணாம்பு இட்டுக் காண்கின்றனர். பரடே இலண்டனில் ஆய்வுக்குக் கைக்கொண்டதும் அதே மஞ்சள்தான் என்பது எமக்குப் பெரிதும் உவப்பளித்தது.

பின்னர் அளவினை நாடினார். நீர்ப்பகுப்புக் கலங்கள் பலவற்றை ஒரே சுற்றில் தொடராக இணைத்தார். ஒன்றிற் பெரிய தகடு, ஒன்றிற் சிறிய கம்பி. ஒன்றிற் செறிந்த அமிலம், ஒன்றில் ஐதானது. எவ்வாறு மாற்றினும் வெளிப்பட்ட வாயுவின் அளவு ஒன்றாகவே இருந்தது. இதனின்றும் முதலாம் விதி பிறந்தது: பகுபட்டு வெளிப்படும் பொருளின் திணிவு, சென்ற மின்கணியத்திற்கு நேர்விகித சமமானது. ஒரே மின்கணியம் வெவ்வேறு பொருள்களின் ஊடே செல்லும்போது வெளிப்படும் திணிவுகள் அவற்றின் இரசாயனச் சமவலுக்களின் விகிதத்தில் அமையும் என்பது இரண்டாவது. ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் சென்றால், ஐதரசன் ஏறத்தாழ 0.038 கிராமும், குளோரீன் 1.32 கிராமும், செம்பு 1.19 கிராமும், வெள்ளி 4.02 கிராமும் வெளிப்படும். இலண்டனிலாயினும் அல்லைப்பிட்டியிலாயினும் இக்கணக்கு மாறுவதில்லை. மின்னும் அணுவைப் போலச் சிறுசிறு கூறுகளால் ஆயது என்னும் பிற்காலக் கொள்கைக்கு வித்து இவ்விதிகளில் இருந்தது. பரடே அணுக்கொள்கையை முழுதும் நம்பாதவர் என்பது வியப்பு.

புதியன கண்டார்க்குப் புதுச்சொல் வேண்டும். பழைய சொற்கள் பழைய பிழையையே பேசும் என்று பரடே அஞ்சினார். தாம் கிரேக்கம் கல்லாதவராதலின், வைத்தியரான நிக்கொல் என்னும் நண்பரையும், பின்னர் 1834 இல் கேம்பிரிட்சுப் பேரறிஞர் வில்லியம் ஹியூவெல்லையும் கலந்து எழுதினார். ஞாயிறு எழும் திசையும் விழும் திசையும் போல ஏறுவழி, இறங்குவழி எனப் பொருள்படும் அனோட்டு, கதோட்டு என்பன அவ்வாறு வந்தன. செல்வது எனப் பொருள்படும் அயன் என்பதும் உடன் வந்தது. அயன் என்றவுடன் நான்முகனை நினைந்து நகைத்த மாணவர் நம் வகுப்புகளிலும் இருந்தனர். தமிழகத்தார் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் அனோட்டு, கதோட்டு என்றே வழங்கின. எது நன்று என்னும் வழக்கில் யாம் புகோம். ஆனால் உலகின் தலைசிறந்த ஆய்வாளர் ஒருவர், சொல் ஒன்று சரியாக அமைதற்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தார் என்பதை, கலைச்சொல்லாக்கத்தை வீண் வேலை எனக் கருதுவோர் நினைவிற் கொள்க. பரடே மறைந்து எட்டாண்டில், 1875 இல், மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியரின் கெமிஸ்தம் என்னும் நூல் தமிழில் வெளிவந்தது. நம் மொழி இத்துறையிற் பின்தங்கி விழித்ததன்று.

இனி, நம் மேசைக்கு வருவோம். உப்பு நீரைப் பகுக்கும்போது கதோட்டில் ஐதரசனும் அனோட்டிற் குளோரீனும் வெளிப்பட, கரைசலில் எரிசோடா எஞ்சுகிறது. டேவி சோடியத்தைப் பெற்றாரே, நமக்கு ஏன் சோடியம் கிட்டவில்லை என்று கேளாத மாணவர் குறைவு. டேவி பகுத்தது உருகிய காரம். நம் கலத்திலே நீர் உண்டு. சோடியம் அயனைக் காட்டிலும் நீர் எளிதிற் பகுபடுதலின் ஐதரசனே வெளிவருகிறது. கரைசல் மிக ஐதாயின் அனோட்டிற் குளோரீனோடு ஒட்சிசனும் கலந்து வரும். கடல்நீரை அள்ளி வந்து அப்படியே பகுப்போர் கதோட்டின் அருகே வெண்மையான கலங்கலைக் காண்பர். அது கடல்நீரிலுள்ள மகனீசியம் காரத்தோடு கூடி வீழ்படிவாதல். கடையிற் கிடைக்கும் தூய உப்பில் அது தோன்றாது. கதோட்டுப் பக்கம் மஞ்சட்டாள் சிவக்கும். அனோட்டுப் பக்கம் நனைந்த பாசிச்சாயத் தாள் வெளிறும்.

குளோரீன் நஞ்சு. சிறிய மின்கலம், சில நிமிட நேரம், திறந்த சாளரம், ஆசிரியரின் மேற்பார்வை என்னும் இவை இன்றிச் செய்தல் ஆகாது. ஐதரசனுக்கு அண்மையில் நெருப்பும் ஆகாது. வீட்டு மின்சாரத்தை நேரே இணைக்க எண்ணுதலும் கூடாது. துருவேறா உருக்குக் கரண்டியை அனோட்டாக நாட்டுவோர் நஞ்சான குரோமியச் சேர்வைகளை ஆக்கிக்கொள்வர். பென்சிற் கரியே போதும். பரடே தாமும் இவ்வாயுவால் தப்பினாரல்லர். 1823 இல் குளோரீனை அடைத்த குழாயில் அமுக்கித் திரவமாக்கிய காலத்து, குழாய் வெடித்துக் கண்ணாடித் துண்டுகள் அவர் கண்ணிற் புகுந்தன.

மேசையில் நாம் சிறிதாகக் கண்ட இதனையே பெருக்கி, ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் ஆக்கும் தொழிற்சாலை கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகளிற் பரந்தனில் எழுந்தது. நம்மவர் பலர்க்கு அது பிழைப்பும் பெருமையும் தந்தது. போர்க்காலத்தில் அது தொழிற்படாது ஒழிந்தது. சுவர்கள் வீழினும் தொழிலின் அறிவு வீழவேண்டுவதில்லை. அவ்வறிவு ஏதேனும் ஒரு பள்ளிக்கூடத்து மேசையில் உயிரோடு இருத்தல் வேண்டும் என்பதே எம் கவலை. மேசையும் கலமும் இழந்து, கரும்பலகையில் வரைந்த படத்தையே மின்பகுப்பாகக் கொண்டு பரீட்சைக்குச் சென்ற ஆண்டுகளையும் தீவகத்துப் பிள்ளைகள் கண்டனர்.

பரடேயின் பிற்கால வாழ்க்கையில் ஓரிரு செய்திகளே கூறுவோம். 1830 ஐ அண்டிய காலத்து, பொருள்களைப் பகுத்தாய்ந்து அறிக்கை தரும் வேலையாற் பெருஞ்செல்வம் ஈட்டும் வழி அவர்க்குத் திறந்திருந்தது. ஆராய்ச்சிக்கு நேரம் போதாதெனக் கண்டு அதனை விடுத்தார். 1835 இல் அரசாங்க ஓய்வூதியம் பற்றிப் பேச அழைத்த முதலமைச்சர் மெல்பேண் பிரபு, அறிஞர்க்கு ஓய்வூதியம் தருதலையே இழித்துப் பேசினார். பரடே அன்று மாலையே வேண்டேன் என்று எழுதிவிட்டார். பின் பிரபு வருத்தம் தெரிவித்து எழுதிய பின்னரே ஆண்டுக்கு 300 பவுண் ஊதியத்தை ஏற்றார். கொல்லன் மகனுக்குப் பணம் வேண்டும். பணத்திற்கும் முன்னே மதிப்பு வேண்டும் என்பதில் அவர் தெளிவாயிருந்தார். 1857 இல் றோயல் சொசைற்றித் தலைமை தேடி வந்தபோதும் அதனை மறுத்தார்.

மறுக்காத பணி ஒன்று இருந்தது. கிறிஸ்மஸ் விடுமுறையிற் சிறுவர்க்கெனத் தொடங்கிய விரிவுரைகளை 1827 முதல் 1860 வரையில் 19 முறை அவரே நிகழ்த்தினார். மெழுகுவர்த்தி ஒன்றையே பொருளாக்கி நிகழ்த்தியவை 1861 இல் நூலாக வெளிவந்தன. அவற்றில் மின்னடுக்கினால் நீரைப் பகுத்துக் காட்டும் பகுதியும் உண்டு. சிறுவர்முன் நின்றபோது பேராசிரியர் என்னும் மிடுக்கு அவரிடம் இருந்ததில்லை. தாமும் கட்டணம் செலுத்தி விரிவுரை கேட்ட பையனாய் இருந்ததை அவர் மறந்தாரல்லர் போலும்.

நாற்பதாம் வயதின் இறுதியிலிருந்தே நினைவாற்றல் குன்றத் தொடங்கியது. முன்னர்ச் செய்த ஆய்வை மறந்து மீண்டும் செய்ததும் உண்டு. ஆதலின் குறிப்பேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் இலக்கமிட்டு எழுதும் வழக்கம் அவர்க்கு உறுதுணையாயிற்று. அவ்விலக்கங்கள் 16,000 ஐக் கடந்தன. 1821 இல் மணந்த சாரா அம்மையார் இறுதிவரை உடனிருந்து பேணினார். மகப்பேறு இல்லை. 1858 இல் விக்ரோறியா மகாராணியார் ஹம்ரன் கோட்டு என்னுமிடத்தில் வீடொன்றை அவர் வாழ்வதற்கு அளித்தார். 1867 ஆகஸ்ற்று 25 ஆம் நாள், அங்கே தம் படிப்பறை நாற்காலியில் அமர்ந்தபடியே பரடே உயிர் நீத்தார். ஆரவாரம் இன்றி ஹைகேற் இடுகாட்டில் அடக்கம் நிகழ்ந்தது. கல்லறையிற் பொறித்தவை அவருடைய பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளுமே.